திரைத்தல யாத்திரை: மாமல்லைக் கடற்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருள் வரையறை

திரைப்படத்திலோ ஆவணப்படத்திலோ ஏற்கெனவே பார்த்துவிட்ட ஓர் இடத்தை, பணமும் விடுமுறையும் செலவழித்து மறுபடியும் பார்க்கப் போவது திரைத்தல யாத்திரை எனப்படும். பார்க்காத இடத்தைப் பார்க்கப் போவது சுற்றுலா. பார்த்த இடத்தைப் பார்க்கப் போவது யாத்திரை. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் இரு சாராரையும் ஒரே வேனில் ஏற்றிவிடுவதால்தான் திரும்பி வரும்போது வேனுக்குள் சண்டை நடக்கிறது.

யாத்திரை என்ற சொல் இங்கே அலங்காரத்துக்காக ஆளப்படவில்லை. ஓர் ஊர் தலமாக வேண்டுமென்றால் மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் அமைய வேண்டும் என்பது மரபு. திரைத்தலத்தில் மூர்த்தி என்பவர் கதாநாயகர். அவர் நிரந்தரமாக எழுந்தருளியிருப்பவர் அல்லர், கால்ஷீட் கொடுத்த நாட்களில் மட்டும் வந்துபோனவர். தலம் என்பது அவர் சாய்ந்து நின்ற பாறை. தீர்த்தம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் சீவித் தரும் இளநீர். தலவிருட்சம் பனை, பருவத்தில் நுங்கும் உண்டு. பிரசாதம் இரு வகைப்படும்: சங்கு கோத்த சாவிக்கொத்து, உள்ளங்கையளவு மாக்கல் பிள்ளையார். மாமல்லபுரத்துக் கற்சிற்பம் 2017இல் புவிசார் குறியீடு பெற்றிருப்பதால், பிரசாதத்தைப் பொறுத்தவரை இத்தலம் மற்றவற்றைவிட ஒரு படி மேலே நிற்கிறது.

2. பிற தலங்கள்

ஒப்பீட்டுக்காகச் சில தலங்களை இங்கே குறிப்பது முறை. நியூசிலாந்தின் மாட்டமாட்டாவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்த ஒரு பண்ணை, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களுக்காகக் ஹாபிட் எனும் குட்டை மனிதர்களின் ஊராக மாறியது. ஆடுகள் இன்றும் இருந்தாலும் அவற்றைப் பார்க்க எவரும் போவதில்லை. தாய்லாந்தின் மாயா விரிகுடா, 2000இல் வெளிவந்த 'த பீச்' படத்தால் தாங்க முடியாத கூட்டத்தைக் கண்டு, 2018இல் மூடப்பட்டு 2022இல்தான் திறந்தது. லடாக்கின் பாங்காங் ஏரியை '3 இடியட்ஸ்' (2009) பிரபலமாக்கியது. கொடைக்கானலில் சாத்தானின் சமையலறை என்று வெள்ளைக்காரர்கள் பெயரிட்டிருந்த பாறைப் பிளவு, 'குணா' (1991) படத்துக்குப் பின் குணா குகை ஆனது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த பிறகு, அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் முந்தைய படத்தின் குகையைப் பார்க்கக் குவிந்தார்கள். ஒரு தலத்துக்கு இரண்டு தலபுராணங்கள் அமைவது அரிது.

இவற்றுக்கு நேர்மாறானது 'ஜீன்ஸ்' (1998) படத்தின் ஏழு அதிசயப் பாடல். ஒரே பாடலில் ஏழு தலங்களையும் காட்டி முடித்துவிட்டதால் யாத்திரைக்கே இடமில்லாமல் போயிற்று. சிக்கனமான குடும்பங்கள் இதைச் சிறந்த முன்னுதாரணமாகக் கொள்ளலாம்.

மாமல்லபுரத்தைத் தன் மாவட்டத்தில் கொண்ட செங்கல்பட்டின் நிலை விசித்திரமானது. திரைப்பட வணிகத்தில் செங்கல்பட்டு ஓர் ஊர் அல்ல, ஓர் ஏரியா. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து என்.எஸ்.சி. என்று விநியோகஸ்தர்கள் சொல்லும் பகுதியின் மூன்றாம் எழுத்து அது. கொளவாய் ஏரியின் மேல் விடியும் அழகைத் தென்மாவட்ட ரயிலில் வரும் லட்சம் பேர் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார்கள். இறங்கிப் பார்த்தவர் சிலரே. ஒரு படம் எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்பதைவிட எந்த ஏரியாவில் ஓடியது என்பதே முக்கியம் என்ற உண்மையைச் செங்கல்பட்டு அமைதியாகத் தாங்கி நிற்கிறது.

3. கதை முந்தியா, கல் முந்தியா

மேற்கண்ட தலங்களில் இடம் முந்தியது, படம் பிந்தியது. மாமல்லபுரத்திலோ இந்த வரிசை ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் குழம்பிக் கிடக்கிறது.

ஐந்து ரதங்கள் என்று அழைக்கப்படுபவற்றை எடுத்துக்கொள்வோம். அவை ரதங்கள் அல்ல, சக்கரம் இல்லை. பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பல்லவர் காலத்தில் ஒற்றைப் பாறைகளைக் குடைந்து செய்யப்பட்டு, முழுதும் முடிவடையாமல் விடப்பட்ட கோயில் வடிவங்கள் அவை. திரௌபதி ரதத்தின் கருவறையில் இருப்பவள் கொற்றவை. ஆனாலும் தருமன், வீமன், அர்ச்சுனன், திரௌபதி, நகுல சகாதேவர் என்ற பெயர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. நகுலனுக்கும் சகாதேவனுக்கும் சேர்த்து ஒன்றுதான் கிடைத்தது. துணை நடிகர்களுக்கு ஒரே கேரவன் ஒதுக்கும் வழக்கத்தின் தொடக்கம் இதுவே எனலாம்.

பெருஞ்சிற்பப் பாறையின் கதையும் இதுதான். நடுவில் உள்ள பிளவில் நாகர்கள் இருப்பதால் அது கங்கை என்றும், ஒற்றைக்காலில் நிற்கும் தவசி பகீரதன் என்றும் அறிஞர் ஒரு சாரார் வாதிடுகின்றனர். ஊர் மக்களுக்கு இந்த ஐயமே எழவில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும் வட்டாரம் இது. அர்ச்சுனன் வேடக்காரர் தபசு மரத்தில் ஏறுவதை விடிய விடியக் கண்விழித்துப் பார்த்த ஒருவருக்கு, பாறையில் நிற்கும் தவசி யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது அர்ச்சுனன் தபசுதான். பார்த்த காட்சியை இடத்தில் தேடும் பழக்கம் சினிமாவுக்கு முந்தியது என்பது இதனால் பெறப்படும். அன்று கூத்து, இன்று சினிமா. கல் இரண்டுக்கும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

அடுத்த அடுக்கைக் கல்கி சேர்த்தார். 1944 முதல் 1946 வரை தொடராக வந்த 'சிவகாமியின் சபதம்' நாவலில் ஆயனச் சிற்பியும் அவர் மகள் சிவகாமியும் கற்பனைப் பாத்திரங்கள். மாமல்லன் எனப்பட்ட நரசிம்ம பல்லவன், பரஞ்சோதி, புலிகேசி ஆகியோர் வரலாற்று மாந்தர். இந்த விகிதத்தை வாசகர் மனம் ஏற்பதில்லை. சிவகாமி எந்தப் பாறையருகே ஆடினாள் என்று கேட்பவர் உண்டு. புலிகேசி எங்கே நின்றான் என்று கேட்பவர் இல்லை. கடற்கரைக் கோயில் மாமல்லனுக்கு மூன்று தலைமுறைக்குப் பின் இராசசிம்மன் எடுப்பித்தது என்று எடுத்துச் சொன்னால் கேட்டவர் முகம் வாடுகிறது. பிடித்த படத்தில் டூப் போட்டிருந்த செய்தி தெரியவந்த முகம் அது.

4. எடுத்துக்காட்டு: கலங்கரை விளக்கம்

இத்துறையின் தலையாய சான்று 1965இல் கே. சங்கர் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்த 'கலங்கரை விளக்கம்'. மாமல்லபுரத்துக்கு வரும் நாயகன், கலங்கரை விளக்கத்திலிருந்து உயிரை மாய்த்துக்கொள்ள ஓடும் பெண்ணைத் தடுக்கிறான். அவளோ தன்னைப் பல்லவர் காலத்துச் சிவகாமியாகவே நினைத்துக்கொள்பவள். அதாவது நாவலைப் படித்து ஊரைப் பார்க்க வருபவருக்கு ஏற்படும் நோய் எதுவோ, அதையே நோயாகக் கொண்ட நாயகியைப் படம் காட்டுகிறது. அப்படத்தைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்க வருபவர் நோயின் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறார்.

படத்தில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) கதையின் சாயல் உண்டு. அங்கே பெண் விழுவது கலிஃபோர்னியாவின் சான் ஹுவான் பவுட்டிஸ்டா தேவாலயத்து மணிக்கூண்டிலிருந்து. படம் எடுக்கும்போது அப்படி ஒரு கூண்டே அங்கு இல்லை. முன்பு இருந்தது இடிக்கப்பட்டிருந்ததால், ஓவியத்தாலும் சிறு மாதிரியாலும் திரையில் ஒன்றை எழுப்பினார்கள். எனவே அங்கே போகும் ரசிகர் இல்லாத கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார். மாமல்லபுரத்தில் அந்த ஏமாற்றம் இல்லை. கோபுரம் இருக்கிறது, டிக்கெட் வாங்கினால் ஏறலாம், ஏறினால் மூச்சு வாங்கும். மூலத்தைவிடத் தழுவல் உறுதியாகக் கட்டப்பட்டிருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கல்லால் ஆன இந்தக் கோபுரத்துக்கு முன்னால் அதன் பாத்திரத்தை ஏற்றிருந்தது அருகில் குன்றின்மேல் உள்ள ஓலக்கணேஸ்வரர் கோயில். பல்லவர் கோயில் ஒன்று கலங்கரை விளக்கமாக நடித்தது. இவ்வூரில் எதுவும் ஒரே வேடத்தோடு நின்றதில்லை.

5. ஆவணப்படப் பிரிவு

ஆவணப்படம் பார்த்து வருபவர் தம்மைச் சினிமா பார்த்து வருபவரைவிட உயர்ந்தவராகக் கருதுவார். பயண வேனில் இவர் முன் இருக்கையில் அமர்வார். இவர் செல்லும் தலம் அருகிலுள்ள வடநெம்மேலியில் 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை. ராஜநாகத்தைப் பற்றி அவர் எடுத்த 'த கிங் அண்ட் ஐ' 1998இல் எம்மி விருது பெற்றது.

தொலைக்காட்சியில் முதலை ஓயாமல் பாய்கிறது. பண்ணையில் அது வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. முதலைக்குத் தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் திறன் இல்லை. வெயிலில் காய்ந்து, வாயைப் பிளந்து சூட்டைச் சரிசெய்கிறது. அதற்கு அடிக்கடி இரையும் தேவையில்லை. பல மாதக் காத்திருப்பைக் கத்தரித்து ஒரு நிமிடப் பாய்ச்சலாக்கியவர் படத்தொகுப்பாளர் என்பதைப் பார்வையாளர் மறந்துவிடுகிறார். இதன் விளைவாக எழும் வினா பண்ணையின் சுவர்கள் அனைத்திலும் எதிரொலிக்கிறது: இது பொம்மையா, உயிருள்ளதா? அங்கே நீண்டகாலம் வாழ்ந்துவரும் மிகப் பெரிய உவர்நீர் முதலை 'ஜாஸ் 3' என்ற பெயரைத் தாங்குகிறது. அது சுறா பற்றிய படத்தின் பெயர். முதலைக்குச் சுறா வேடம் கொடுத்தும் அது அசையவில்லை.

அதே வளாகத்தில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் நஞ்செடுப்பதைக் காட்டுகிறார்கள். 1978இல் தொடங்கிய இச்சங்கம் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, பாம்புகளைக் காட்டில் திரும்ப விடுகிறது. பாம்புக்கடிக்கு மருந்து செய்ய அந்த நஞ்சே மூலப்பொருள். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். படத்தில் பார்த்ததைவிட நேரில் பெரிதாகத் தெரியும் ஒரே காட்சி இந்த நஞ்செடுப்பு என்பதால், இந்த ஆய்வின் கொள்கைக்கு இது விலக்காகக் கொள்ளப்படும்.

கடலடிப் பிரிவு ஒன்றும் உண்டு. ஏழு கோயில்களில் ஆறு கடலுக்குள் போயின என்பது மாலுமிகள் வழிவந்த பழங்கதை. 2002இல் கிரஹாம் ஹான்காக் தம் தொலைக்காட்சித் தொடரில் இதைச் சேர்த்தார். தேசியக் கடலியல் நிறுவனத்தினர் மூழ்கிப் பார்த்துக் கட்டுமானக் கற்களைக் கண்டனர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரை மணலை அரித்துச் சென்றபின் சிற்பம் செதுக்கிய பாறைகள் சில வெளிப்பட்டன. அருகே சாளுவன்குப்பத்தில் முருகன் கோயில் ஒன்றின் அடித்தளம் அகழ்ந்தெடுக்கப்பட்டது. எனினும் யாத்திரிகர் தேடுவது ஆறு கோபுரங்களை. அவர் கையை நெற்றியில் வைத்துக் கடலை நெடுநேரம் நோக்குகிறார். பட்டாணி சுண்டல் விற்பவருக்கு இதனால் நன்மை உண்டு.

6. செய்முறை

இத்துறையின் செய்முறைக் கூடம் வெண்ணெய் உருண்டைக் கல். சுமார் 250 டன் எடை கொண்ட இப்பாறை சரிவில் உருண்டுவிடும்போல் நிற்கிறது. 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று சொல்லப்படுகிறது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அதன் முன்னே கைகோத்து நின்ற காட்சி உலகமெங்கும் ஒளிபரப்பானபின் தலத்தின் மகிமை கூடியது.

சடங்கு பின்வருமாறு. யாத்திரிகர் பாறைக்குக் கீழே சென்று, இரு உள்ளங்கைகளையும் உயர்த்தி, பற்களைக் கடித்து, தாங்குவதாக நிற்க வேண்டும். கைப்பேசி வைத்திருப்பவர் கொஞ்சம் இடப்பக்கம் என்று சொல்ல வேண்டும். இவ்வாறு மூன்று முறை. ஏழு யானைகளால் நகர்த்த முடியாததை ஒரு மைத்துனர் தாங்குவதாக எடுத்த படம் குடும்பக் குழுவில் அன்று மாலையே வந்துவிடும். சிறுவர்கள் இதற்குள் சரிவில் சறுக்கி விளையாடிக் கால்சட்டையைக் கிழித்திருப்பார்கள்; அதற்கு எந்தப் படமும் தூண்டுகோல் அல்ல.

7. மறுப்பும் விடையும்

கல் உண்மை, படம் பொய். பொய்யை நம்பி உண்மையைப் பார்க்க வருவது அறிவீனம் என்று ஒரு மறுப்பு எழலாம். விடை திரௌபதி ரதத்தில் உள்ளது. அதன் கூரை ஓலை வேய்ந்த குடிசைக் கூரை. ஆனால் கல்லில் உள்ளது. மரத்தாலும் ஓலையாலும் கட்டியதைப் போலக் கல்லில் செய்து காட்டினார்கள் சிற்பிகள். கல்லால் கட்டியதைப் போலப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்து காட்டுகிறார்கள் கலை இயக்குநர்கள். முன்னது மூலப்பொருளை உறுதியாக்கியது. பின்னது படம் முடிந்ததும் லாரியில் ஏறுகிறது. தொழில் ஒன்றே.

8. முடிபு

பெருஞ்சிற்பப் பாறையின் கீழ்ப்பகுதியில் ஒரு பூனை நிற்கிறது. மேலே ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைப் பார்த்து, தானும் பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி, அதே நிலையில் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். புகழ்பெற்ற காட்சி ஒன்றின் நிலையை அதே இடத்தில் நின்று நடித்துக் காட்டியவர்களுள் பதிவுள்ள முதல் யாத்திரிகர் இந்தப் பூனையே என்று இவ்வாய்வு முடிவு செய்கிறது. வெண்ணெய் உருண்டை அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வேன்கள் பூனையைப் பார்க்காமலே திரும்பிவிடுகின்றன. அது எந்தப் படத்திலும் வரவில்லை.