அக்ரூட் ஓட்டு வைத்தியம்

அமெரிக்காவின் பழைய கார் சந்தையில் 2007 முதல் 2010 வரையிலான மினி கூப்பர் எஸ் சல்லிசாகக் கிடைக்கும். அந்த விலைதான் முதல் அறிகுறி.

உள்ளே இருப்பது பி.எம்.டபிள்யூவும் பிரான்ஸின் பி.எஸ்.ஏ. கார் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 1.6 லிட்டர் டர்போ எஞ்சின். ஆயில் குடிக்கும் பழக்கம் எந்த வீட்டுச் சீதனம் என்று சம்பந்திகள் பேசிக்கொள்வதில்லை. ஆயில் குறைந்தால் டைமிங் செயினின் டென்ஷனர் தளரும். குளிர்ந்த எஞ்சினை முடுக்கியதும் கடகடவென்று சத்தம் வரும். கார் பார்க்க வருகிறவருக்காக எஞ்சினை முன்பே சூடாக்கி வைக்கிறாரே விற்பவர், அது விருந்தோம்பல் அல்ல.

இன்னொரு விசேஷம் வால்வில். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. பழைய முறையில் இன்டேக் வால்வைக் கழுவிக்கொண்டு போன பெட்ரோல் இப்போது அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. கரி அப்புகிறது. பரிகாரம்? அக்ரூட் ஓட்டைப் பொடித்து, காற்றழுத்தத்தில் வால்வின் மேல் அடிப்பது! கணினி, டர்போ எல்லாம் தாண்டி ஐரோப்பியப் பொறியியல் கொட்டை ஓட்டில் வந்து நிற்கிறது. பருப்பைத் தின்றது யார் என்று ரசீதில் போடுவதில்லை.

தெர்மோஸ்டாட் உறை, வாட்டர் பம்ப், உயரழுத்த பெட்ரோல் பம்ப் எல்லாம் முறைவைத்துப் பழுதாகும். குடிப்பதோ பிரீமியம் பெட்ரோல்.

ஆனாலும் ஒரு வளைவில் அந்தக் காரைத் திருப்பிப் பார்த்தவர், பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆயில் குச்சியை உருவிப் பார்க்கிறார்.