யார் சார் அடிச்சது?

பெயிண்ட் மேஸ்திரி கேட்டைத் திறந்ததும் நமக்கு வணக்கம் சொல்ல மாட்டார். நேரே சுவரிடம் போய் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டுவார். விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியை, பிரேதப் பரிசோதனை முடித்த டாக்டர் மாதிரி நம் முகத்துக்கு நேரே நீட்டுவார். பிறகு அந்தக் கேள்வி.

"யார் சார் முன்னாடி அடிச்சது?"

பதில் அவருக்குத் தேவையில்லை. யாரைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்கத் தயாராகத்தான் நிற்பார். முந்தைய ஆளை மெச்சிய மேஸ்திரி ஒருவரைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தவரும் அப்படியே. சுவரைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தார். "கீழே ஓதம் ஏறியிருக்கு. இங்க உப்பு பூத்திருக்கு. வடக்குப் பக்கம் பாசி. சன்ஷேடு மேல விரிசல். இது பெயிண்டு வேலை இல்ல சார், வைத்தியம்."

நாங்களோ மூன்று வாரமாக ஷேடு கார்டை வைத்துக்கொண்டு, சந்தன நிறமா பிஸ்கெட் நிறமா என்று வீட்டுக்குள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டிருந்தோம். தீர்ப்புக் கேட்டு அதை அவரிடம் நீட்டினேன். பார்க்கவே இல்லை. "கலரு கடைசியில பார்த்துக்கலாம் சார். இந்தச் சுவருக்கு எதை அடிச்சாலும் ரெண்டு மழைக்கு அப்புறம் ஒரே கலர்தான்."

டேப் பிடித்து அளந்தார். சன்னல்களைக் கழிக்கச் சொன்னேன். "கழிச்சா, சன்னல் ஓரத்தை யார் சார் பிடிக்கிறது? அதுலதான் இடுப்பே ஒடியும்" என்றார். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் முதுகில் எஸ்டிமேட் பிறந்தது. சுரண்டல், கழுவல், காயவிடல், பட்டி, பிரைமர் என்று ஐந்து வரி போன பிறகு ஆறாவதாகத்தான் பெயிண்ட் வந்தது, இரண்டு கோட்டு.

"இந்தச் சுரண்டல் ரெண்டு நாள் எதுக்கு மேஸ்திரி?" என்றேன். வீட்டுக்காரன் பேரம் பேசுகிற இடம் எப்போதும் அதுதான். சுரண்டியது கண்ணுக்குத் தெரியாது, கலர் தெரியும். என் அப்பா காலத்தில் பொங்கலுக்குப் பொங்கல் கிளிஞ்சல் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிப்பார்கள். தொட்டால் சட்டையில் ஒட்டும். ஒட்டினால் என்ன, அடுத்த தை வந்துவிடும். இப்போது அடிக்கிற எமல்ஷன் சுவரின் மேல் ஒரு தோல். அடியில் இருப்பது எவ்வளவு கெட்டியோ அவ்வளவுதான் தோலும் நிற்கும். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. "முன்பக்கம் நல்லா சுரண்டுங்க. கிணற்றடிப் பக்கம் யார் பார்க்கப் போறா?" என்று சொல்லி ஒரு நாள் கூலியை மிச்சம் பிடித்தேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமை.

அட்வான்ஸ் வாங்கியவர் மறுநாள் ஓர் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினார். அதன் பிறகு ஒரு வாரம் ஏணி மட்டும் இருந்தது. ஏணி சாத்தினால் வேலை ஆரம்பித்தாயிற்று என்பது தொழில் சட்டம். போன் செய்தால், "ஏணி அங்கதானே சார் இருக்கு?" என்பார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டைப் பற்றிப் பேசுவது போல.

ஒருவழியாகச் சாரம் கட்டி, ஆட்கள் வந்தார்கள். சன்னல் கம்பியின் பழைய எனாமலைப் பையன் ஒருவன் உலர்வாகவே தேய்க்கப் போனான். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சின் தூசியை மூக்கில் ஏற்றக் கூடாது, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள் என்றேன். "சார் படிச்சவரு" என்றார் மேஸ்திரி. பாராட்டு மாதிரி இல்லை.

எந்தக் கம்பெனி பெயிண்ட் என்பதில் மட்டும் அவருக்கு அசைக்க முடியாத பக்தி. "அதுதான் சார் நிக்கும்." காரணம் வாளியைத் திறந்தபோது புரிந்தது. மூடியை அவரேதான் திறப்பார், நமக்கு முதுகைக் காட்டி, குருக்கள் திரை போடுவது போல. உள்ளே இருந்த, பெயிண்டருக்குக் காசாகிற டோக்கன் சட்டைப் பைக்குள் போனபின்தான் நமக்குத் தரிசனம். என் மனைவியின் கண்ணோ இருபது லிட்டர் வாளியின் மேல். டோக்கன் அவருக்கு, வாளி எங்களுக்கு என்று ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உடன்படிக்கை ஆயிற்று.

மதிய டீயின்போது கேட்டேன், "எல்லாரையும் ஏன் மேஸ்திரி குறை சொல்றீங்க?"

"வீட்டுக்குக் கடைசியா வர்றவன் நான்தானே சார்? கொத்தனார் பூச்சுல விட்டது, பிளம்பர் உடைச்சது, எலக்ட்ரீஷியன் நோண்டுனது, அத்தனையும் என் பட்டிக்குள்ள அடங்கணும். கடைசியில உதிர்ந்தா மட்டும் பெயிண்டர் சரியில்லைம்பாங்க."

ஐப்பசி மழை முடிந்தது. பாக்கிப் பணம் வாங்க வந்தார். முன்பக்கம் சந்தனப் பேழை மாதிரி நின்றது. கை கழுவக் கிணற்றடிப் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். சுவர், மசால் தோசையின் ஓரம் போலச் சுருண்டு எழும்பியிருந்தது. பழக்க தோஷத்தில் நகம் நீண்டது, பொடி ஒட்டியது, விரல் என் முகத்துக்கு நேரே வந்தது.

கேள்வி மட்டும் வரவில்லை. நானும் பாக்கியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.