மூப்பர் கேட்டார், நான் தலையாட்டினேன்

படித்தவன் என்று ஊரில் பேர் எடுத்தவனுக்குத் தவக்காலம் ஆபத்தான காலம். "தம்பி, இந்த வருசம் வியாகுலப் பிரசங்கம் நீங்கதான் வாசிக்கணும்" என்றார் கோவில் மூப்பர். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "அதுக்கென்ன, வாசிச்சிட்டாப் போச்சு" என்று மட்டும் நன்றாக வந்தது.

தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நினைத்துக் கோவிலில் இராகமாக வாசிக்கும் அந்தப் பிரசங்கத்தை எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. யோசே வாஸ் முனிவர் 1690இல் புத்தளத்துக்கு வந்த கதை எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1705இல் கோவாவிலிருந்து அவருக்குத் துணையாக வந்த இவரைப் பற்றிக் கேட்டால் பெரியவர்களே முழிப்பார்கள். வாஸுக்கு 2015இல் பாப்பரசரே காலிமுகத்திடலுக்கு வந்து புனிதர் பட்டம் கொடுத்தார். 1742இல் இறந்த இவருக்கு, புத்தளம் மாவட்டத்தின் தெற்குக் கோடியில் போலவத்தைக் கோவிலில் ஒரு கல்லறை.

தாய்மொழி கொங்கணி. இங்கே வந்து சிங்களமும் தமிழும் படித்து, இரண்டிலும் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்திருந்த காலம். பின்னாளில் வந்த அச்சு யந்திரமும் அவர்கள் கையில்தான். சுவாமி எழுதியதை ஆட்கள் கையால் படியெடுத்துத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

நானோ இதே கரையில் பிறந்தவன். சிங்களத்தில் மீனுக்கு விலை பேசுவேன், சண்டையும் பிடிப்பேன். எழுதச் சொன்னால் தொலைந்தேன். ஒருமுறை கந்தோரில் படிவத்தை நீட்டியபோது, கையில் சுளுக்கு என்று மகளிடம் தள்ளிவிட்டேன். "எந்தக் கையிலப்பா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

சரி, தமிழாவது? பிரசங்கம் வாசிக்க நின்ற வெள்ளிக்கிழமை தெரிந்தது. எடுத்த எடுப்பில் சுருதியை உச்சத்தில் வைத்துவிட்டேன். சுவாமியின் வாக்கியமோ முற்றுப்புள்ளியைக் காட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. மூச்சு முட்டி, மாதாவின் புலம்பலைச் சொல்லுக்கு நடுவில் முறித்தேன். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். முன்வரிசை ஆச்சிக்கு முழுவதும் மனப்பாடம். விட்ட இடத்திலிருந்து அவரே எடுத்துக்கொண்டார். மிச்சத்தை அவர் சொல்ல, நான் புத்தகத்தைப் பிடித்தபடி வாயசைத்தேன்.

வெளியே வந்ததும், "கண்ணாடியை மாத்துங்க மகன்" என்றார். பாவம், என் மானத்துக்கு ஒரு வழி காட்டினார். "ஓம் ஆச்சி, கண்ணாடிதான் சரியில்ல" என்று பிடித்துக்கொண்டேன்.

கடையில் சோதித்துப் பார்த்து, பார்வையில் மாற்றம் ஒன்றும் இல்லை என்றார்கள். ஃபிரேமையாவது மாற்றித் தரச் சொன்னேன். ஞாயிறு பூசைக்கு மூப்பர் வருவாரே.