மீன்கொத்தியை விட்டுட்டு மாப்பிள்ளையைப் பிடிக்கப் போறியா?

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. அந்தப் பையை மட்டும் மெதுவா வை. உங்கப்பன் ரெண்டு போகம் நெல்லு வித்த காசு அதுக்குள்ள லென்ஸா உக்காந்திருக்கு. இனிமே கல்யாண போட்டோ எடுக்கறதுதான் தொழில்னு முடிவு பண்ணிட்டியாமே? நல்லது. வாய்க்கால் கரையில உன்னைப் பார்த்துப் பார்த்து மீன்கொத்திக்கே வெட்கம் விட்டுப்போச்சு. அது ஒரு பைசா குடுக்கலை. மாப்பிள்ளை குடுப்பாருன்னு கிளம்பிட்டே.

போன தையில நீ எடுத்த அறுவடைப் படம் நல்லாத்தான் இருந்துச்சு. பொழுது சாயுது, அறுப்பு மெஷின் தூசி பொன்னாப் பறக்குது. அந்த வெயிலுக்காக மூணு நாள் வரப்புல காத்துக் கிடந்தேன்னு பீத்திக்கிட்டே. கல்யாண மண்டபத்துல எந்த வெயிலுக்குக் காத்திருப்பே? முகூர்த்தம் விடியக்காலம் நாலரையிலேருந்து ஆறு. பச்சை பல்ப் ஒண்ணு, ஊதா பல்ப் ஒண்ணு, கண்ணைக் கரிக்கிற ஓமப் புகை. கெட்டிமேளம் கொட்டறப்போ சரியா உனக்கு முன்னாடி வந்து நிக்கிறது தாய்மாமன் முதுகு. "இன்னொரு தடவை கட்டுங்க மாப்ளே"ன்னு கேப்பியா? கேட்டவனையும் பார்த்திருக்கேன். கட்டுனவனையும் பார்த்திருக்கேன்.

சரி, முகூர்த்தமாவது வருசம் முழுக்க உண்டா? ஜூன் 12-ல மேட்டூர் திறந்தா, ஆடியில ஆறு நொங்கும் நுரையுமா ஓடும். ஊருக்கே குளிர்ச்சி, உனக்கு மட்டும் கோடை. ஆடியில கல்யாணம் ஏது? மார்கழியில ஏது? கேமராவுக்குத் தவணை வசூலிக்கிறவனுக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது.

உன்னை மாதிரியே ஒரு கிறுக்கன் நம்ம ஊருக்கு வந்திருக்கான், தெரியுமோ? கம்பெனிப் பட்டாளத்துக் கேப்டன், லின்னேயஸ் ட்ரைப்னு பேரு. சீமைக்கு லீவுல போனவன் இந்தப் பைத்தியத்தைப் பிடிச்சுக்கிட்டான். திரும்பி வந்து 1854 கடைசியில ஹளேபீடு, பேலூர் கோயிலையெல்லாம் தன் ஆசைக்கு எடுத்தான். அடுத்த வருசம் சென்னைக் கண்காட்சியில வெச்சான், பதக்கம் குடுத்தாங்க. அப்புறம் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோட அனுப்பினாங்க. அங்கே எடுத்த படத்துல வானம் வெறிச்சுன்னு விழுந்துச்சா, நெகடிவ்லயே தூரிகையால மேகம் தீட்டிட்டான். நீ ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர்ல மேகம் ஒட்டறியே, அந்த வித்தைக்கு நூத்தியெழுபது வயசாச்சு. புதுசுன்னு அலட்டிக்காதே.

அப்பறம் சென்னை ராஜதானிக்கே அவன்தான் சர்க்கார் போட்டோக்காரன். 1858-ல தஞ்சாவூருக்கு வந்தான், நம்ம திருவையாத்தையும் எடுத்தான். அப்போ நெகடிவ் மெழுகு ஏத்தின காகிதம்டா. உன்னை மாதிரி ஆயிரம் தட்டித் தள்ளிட்டு அப்பறமா அழிக்க முடியாது. பெரிய கோயில்ல என்ன எடுத்தான் தெரியுமா? விமானத்தை எடுத்தான், நந்தியை எடுத்தான், அதையெல்லாம் எவனும் எடுப்பான். அடியில கல்வெட்டு ஓடுது பாரு, அங்கே குந்தினான். துண்டு துண்டா 21 படம். எல்லாத்தையும் வரிசையா ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஒரே படம் ஆக்கினான்.

அதுல என்ன இருக்கு? பூவா, பொண்ணா? ராஜராஜன் குடுத்தது, அக்கா குடுத்தது, பொண்டாட்டிமாரு குடுத்தது, நகையில முத்து எத்தனை, எடை எவ்வளவு. சுத்தக் கணக்கு! அதுக்கு எந்தப் பொன் வெயில் வேணும்? ஆனா ஒரு துண்டு பிசகியிருந்தா 19 அடியும் போச்சு. அந்த 21 படத்தை முகஞ்சுளிக்காம எடுத்தான் பாரு, அங்கேதான்டா அவனுக்குச் சம்பளம். மீதியெல்லாம் ஆசைக்கு.

நீ சீர்வரிசைத் தட்டை எண்ணி எடுப்பியா? பந்தியில கடைசி இலை வரைக்கும் போவியா? கொள்முதல் நிலையத்துல நெல்லுக்கு ஈரம் 17 சதம்னு ஒரு அளவு வெச்சிருக்கான். உன் ஆல்பத்துக்கு ஈரம் பாக்கறது பொண்ணோட சித்தி. "எல்லாம் சரி தம்பி, எங்க சம்பந்தி வீட்டு ஆளுங்க ஒருத்தர்கூட இல்லியே"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவா. பாக்கிப் பணம் அங்கேயே பதராப் போயிடும்.

சர்க்கார் வேலை, ஒப்பந்தம்னு எதையும் நம்பிக் கால் நீட்டாதே. ட்ரைப் அவ்வளவு உழைச்சானே, 1859-ல சென்னைக்கு ஒரு புது கவர்னர் வந்தார், சார்லஸ் ட்ரெவெல்யன். இதெல்லாம் ஆடம்பரச் செலவுன்னு கடையைச் சாத்த வெச்சுட்டார். கேப்டன் மறுபடியும் பட்டாளத்துக்கே போனான். அவனுக்காவது திரும்பிப் போக ஒரு பட்டாளம் இருந்துச்சு. உனக்கு இருக்கறது ஒண்ணரை மா நிலமும் உங்கப்பன் முறைப்பும். அதனால இப்போ பாக்கற கூட்டுறவுச் சங்க வேலையை உடனே உதறிடாதே. ஞாயித்துக்கிழமை முகூர்த்தத்தைப் பிடி, ஒரு வருசம் ஓடட்டும்.

இன்னொண்ணு. தெரியாதவன் பேரம் பேசுவான், ஆனா குடுத்துடுவான். சொந்தக்காரன் பேரமே பேசமாட்டான். "நம்ம பையன்தானே"ம்பான், சாப்பிட்டியான்னு கேப்பான், ரெட்டை இலை போடச் சொல்லுவான். அவன்தான் ஆபத்து. தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி பாதிப் பணத்தை எண்ணி வாங்கு, ராஜராஜன் மாதிரி எழுதி வை. தாத்தனே வந்து நின்னாலும் விடாதே.

அது கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை நம்ம கீழவயல்ல நடவு. பொம்பளைங்க குலவை போட்டு நாத்து எடுக்கறதுலேருந்து முடியற வரைக்கும் எடுத்துக் குடுத்துடு. நம்ம பையன்தானே நீ.

என்னடா கையை நீட்டறே?

பாதி அட்வான்ஸா! அடப்பாவி, வித்தையைச் சொல்லிக் குடுத்த வாய் இன்னும் மூடலை. இரு, இரு, சுருக்குப் பையை அவுக்கிறேன். இந்தா, வெத்தலை ரெண்டு, பாக்கு ஒண்ணு. நம்ம பக்கத்துல அச்சாரம்னா தாம்பூலத்தோடதான் குடுக்கணும். இன்னிக்குத் தாம்பூலம். பணம் அறுவடை முடிஞ்சு.