ஓவனுக்கு ஒரு பொந்து

தமிழ்ச் சமையல் அவிக்கும், வேகவைக்கும், பொரிக்கும், கல்லில் வார்க்கும். நாலாபுறமும் மூடிய பெட்டிக்குள் வைத்து உலர்ந்த சூட்டில் சுடுகிற வழக்கம் மட்டும் அதற்குக் கிடையாது. இட்லிக்கு 100 டிகிரி நீராவியே போதும். ஆகவே ஓவன் பசியை முன்னிட்டு வீட்டுக்குள் வருவதில்லை. புது வீட்டுக்கு அலமாரி அடிக்க வருகிறவர், "ஓவனுக்கு எவ்வளவு இடம் விடணும்?" என்று கேட்பதால் வருகிறது. வேண்டாம் என்று சொல்ல எந்தக் குடும்பத்துக்கும் நாக்கு எழுவதில்லை. முதலில் பொந்து, அப்புறம் பொருள், அதில் என்ன சமைப்பது என்பது கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

பெரும்பாலான வீடுகளின் உண்மையான தேவை நேற்றைய சாம்பாரைச் சூடாக்குவது. கடைக்குப் போகும் வழியில் எல்லோரும் கேக்கைப் பற்றியே பேசுவார்கள் என்பது வேறு விஷயம். சாம்பாருக்கு உரியது மைக்ரோவேவ். இதன் பூர்வீகம் ரேடார் ஆராய்ச்சி. 1945-இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்துப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர், நுண்ணலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் கருவிக்குப் பக்கத்தில் நின்றபோது சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகிப்போனது என்பது கதை. 1947-இல் அந்த நிறுவனம் செய்த முதல் மைக்ரோவேவ் ஏறத்தாழ ஆறடி உயரம், 340 கிலோ எடை. அதற்குப் பொந்து விடுவதென்றால் அடுக்களையையே அதனிடம் ஒப்படைத்துவிட்டு சமையலைக் கூடத்துக்கு மாற்றியிருக்க வேண்டும்.

மைக்ரோவேவின் அலைகள் உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளை அலைக்கழித்துச் சூடாக்குகின்றன. ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. பண்டம் பொன்னிறமாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். அதனால் வெறும் மைக்ரோவேவில் செய்த கேக் வெந்திருந்தாலும், கணக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம்போல வெளிறியிருக்கும். ஈரம் குறைந்த அப்பளம் மட்டும் சொட்டு எண்ணெய் இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் பொரிந்து நிற்கும். அலைகள் பெட்டிக்குள் எல்லா இடத்திலும் ஒரே பலத்தோடு விழுவதில்லை என்பதால்தான் உள்ளே கண்ணாடித் தட்டு சுற்றுகிறது. அப்படியும் பாதியில் எடுத்துக் கிளறாவிட்டால் ஓரத்தில் நாக்கு வெந்துபோகும், நடுவில் பிரிட்ஜின் சில்லிப்பு அப்படியே இருக்கும். அவித்த முட்டையை முழுசாக உள்ளே வைத்தால் அது வெடிக்கும். துடைக்கிற வேலை வைத்தவருடையது.

இதைவிடப் பெரிய சிக்கல் பாத்திரம். தமிழ் அடுக்களையின் குடிமக்கள் எல்லோரும் எவர்சில்வர். உலோகம் அலைகளைத் திருப்பியடிக்கும், விளிம்பில் பொறி பறக்கும். சீர்வரிசையில் வந்த, பெயர் வெட்டிய டபராக்கள் ஒன்றுக்கும் உள்ளே அனுமதி இல்லை. ஆகவே மைக்ரோவேவின் விலையோடு கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

கேக், பிஸ்கட், ரொட்டி என்று நிஜமாகவே இறங்கப்போகிறவர்களுக்கு ஓடிஜி (ஓவன்-டோஸ்டர்-கிரில்லர்) போதும். மேலும் கீழும் கம்பிச்சுருள், ஒரு தெர்மோஸ்டாட், ஒரு மணி. இவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம். உலோகப் பாத்திரத்தை அது தாராளமாக ஏற்கும், விலையும் குறைவு. பத்து நிமிடம் முன்சூடேற்றிவிட்டு 180 டிகிரியில் வைத்தால் கேக் சிவந்து வரும். ஆனால் பொறுமை வேண்டும். அவசரத்தில் சாம்பாரை அதில் சூடாக்க நினைப்பவர் அடுப்பிலேயே புதிதாக வைத்துவிடலாம். 9 லிட்டர் ஓடிஜிக்குள் முழுக்கோழி நுழையாது. 30 லிட்டருக்குக் கிட்டத்தட்ட இருந்தால் குடும்பத்துக்குச் சரியாக இருக்கும். வெளிப்புறமும் கொதிக்கும் என்பதால் சுற்றிலும் காற்றோட்டம் விட்டு வைக்க வேண்டும். அலமாரிக்காரர் அளவெடுத்து விட்ட பொந்தில் அதைச் செருகக் கூடாது.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கான சமரசம் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ். அலை, கம்பிச்சூடு, விசிறி மூன்றும் ஒரே பெட்டியில். கன்வெக்‌ஷனில் உலோகத் தட்டு வைக்கலாம், மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. எந்த நேரத்தில் எது ஓடுகிறது என்பது வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் ஊரில் இல்லாத நாட்களில் எல்லோரும் '30 விநாடி' பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருப்பார்கள்.

அலமாரிக்குள்ளேயே பதிக்கிற பில்ட்-இன் ஓவன் பார்வைக்கு ராஜா. அகலம் 60 செ.மீ., கொள்ளளவு 60 லிட்டருக்கு மேல். வாரம் ஒருமுறையாவது நாலைந்து தட்டு சுடுகிறவர்களுக்கே அது தகும். மற்றவர்களுக்கு அது தோசைக்கல்லும் வாணலியும் வைக்கிற விலையுயர்ந்த அறை. கேஸில் எரியும் ஓவனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: கரண்ட் போனாலும் வேலை செய்யும், மேல்பக்கம் சரியாகச் சிவக்காது.

ஏர்பிரையரும் விசிறி வைத்த ஒரு சிறிய ஓவன்தான். எண்ணெய் இல்லாமல் பஜ்ஜி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கரைத்த மாவு சூடான எண்ணெயில் விழுந்த நொடியில் இறுக வேண்டும். காற்றில் அது இறுகுவதற்குள் வழிந்து கூடையின் ஓட்டைகளை அடைத்துவிடும். வாழைக்காய் தனியாகவும் மாவு தனியாகவும் கிடைக்கும்.

எந்த ரகமானாலும் கடைசி வார்த்தை சுவரில் இருக்கும் பிளக்குக்கு. ஓடிஜியும் கன்வெக்‌ஷனும் 1500 முதல் 2000 வாட் வரையிலும் அதற்கு மேலும் இழுக்கும். 16 ஆம்பியர் பவர் பிளக் அவசியம். பில்ட்-இன் வகைக்குத் தனி லைனும் தனி எம்சிபி சுவிட்சும் வேண்டும். இதை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அவரும் சிரிப்பார், டைல்ஸ்காரரும் சிரிப்பார். கரண்ட் பில்லுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். 1500 வாட் ஓடிஜி 40 நிமிடம் விடாமல் ஓடினாலும் ஒரு யூனிட்தான்.

சூடே ஏற்றாமல் செய்கிற உபயோகம் ஒன்று உண்டு. குன்னூர், கொடைக்கானல் பக்கம் மார்கழியில் இட்லி மாவு பொங்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். விளக்கைத் தனியாகப் போடும் வசதி பில்ட்-இன் வகையில்தான் பெரும்பாலும் உண்டு. மற்றவற்றில் பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் வைக்க வேண்டும். உள்ளே மாவு இருக்கிறது என்று கதவில் ஒரு சீட்டு ஒட்டுவதும் நல்லது. இல்லாவிட்டால் கேக் ஆசையில் யாராவது 180 டிகிரிக்கு முன்சூடேற்றிவிடுவார்கள்.