கிராண்டில் யார் பெயர்?

செமினியில் அப்பா விட்டுப்போன ஒற்றை மாடி வீட்டுக்குச் சொந்தக்காரர் இன்னமும் அப்பாதான். கருமாதி முடிந்த மறுநாளே பெரியண்ணன் விலை பேசிவிட்டார். வாங்க வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கிராண்டுல யார் பேருண்ணே?"

உயில் இல்லை. "எழுதினா சீக்கிரம் போயிருவேன்" என்ற அப்பா, எழுதாமலேயே 82 வயதில் போனார். உயில் இருந்தால் அதை நிறைவேற்றுபவர் வீட்டை விற்கலாம். இல்லையென்றால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்கு. உயர் நீதிமன்றம் போய் நிர்வாக அதிகாரம் வாங்கினாலும், விற்பதற்கு மறுபடி அனுமதி கேட்க வேண்டும்.

நல்லவேளை, 2024 ஜூலையிலிருந்து உயில் இல்லாத, நிலத்தோடு கூடிய சொத்து 50 லட்சம் ரிங்கிட் வரை 'சிறிய சொத்து'. நில அலுவலகமே தீர்த்து வைக்கும். காலமெல்லாம் பால்மரம் சீவிய அப்பா இந்தச் 'சிறிய'வைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

விசாரணைக்கு வாரிசுகள் வர வேண்டும், இல்லையேல் சம்மதக் கடிதம் தர வேண்டும். தங்கச்சி பெர்த்தில். சின்னக்காவோ, ரம்புத்தான் மரத்தை வெட்டியது யாரென்று தெரியாமல் கையெழுத்து போட மாட்டாராம். வெட்டியது அப்பா. அண்ணன் சொன்னால் நம்புவாரா?

வாங்க வந்தவர் அடுத்த தாமானில் குடியேறி, பால் காய்ச்சி, எங்களுக்கும் கேசரி அனுப்பினார். அப்பா பெயருக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டு வரி பில் வருகிறது. அம்மாதான் கட்டுகிறார்.