வல்வில்லான்மீது ஐந்து வழக்குகள்

ஆடிப்பெருக்கு நெருங்கினால் அரசாங்கத்துக்குக் கொல்லிமலையை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரியின் நினைவு வந்துவிடும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஏறும். செம்மேட்டில் பந்தல், மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, சிலைக்கு மாலை. மாலை போடும் கைகளில் ஒன்றாவது புறநானூற்றின் 152ஆம் பாட்டைப் புரட்டியிருந்தால் நடுங்கியிருக்கும். வன்பரணர் அங்கே எழுதி வைத்திருப்பது புகழுரை மட்டுமல்ல, முழுக் குற்றப்பத்திரிகை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி. அதற்கும் அடங்காமல், புற்றில் கிடந்த உடும்பு.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை, புலி, உடும்பு மூன்றும் முதல் அட்டவணை. அம்பு ஒன்று, வழக்கு ஐந்து, கண்ணால் கண்ட சாட்சி சங்கப் புலவர். வள்ளல் என்ற காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் ஜாமீன் தராது.

'வல்வில்' தொழிலால் வந்த அடைமொழி. மலைக்கே அரசன் என்றாலும் பேருக்கு முன்னால் அவன் சுமந்தது வேட்டைக்காரனின் பட்டம். அந்தப் பட்டத்துக்கு இன்று அரசு விழா, தொழிலுக்குச் சிறை. காட்டு மக்களுக்கு நியாயம் செய்ய வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் 2006 வன உரிமைச் சட்டமும் பாரம்பரிய உரிமைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, வேட்டை மட்டும் நீங்கலாக என்று முடித்துவிட்டது. விலங்கைக் கொல்லலாமா என்பீர்கள். கூடாதுதான். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இதே மலையின் தலையைச் சீவி பாக்சைட் அள்ளினார்களே, அந்த மலையை எந்த அட்டவணையில் வைத்திருந்தீர்கள்?

ஓரியாவது செத்துத் தப்பித்தான். மலையில் இன்று இருப்பவர்கள் படும் பாடு வேறு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சைமலைகளில் பரவினார்கள் என்பது இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் கதை. 1909இல் இனவியலாளர் தர்ஸ்டனும் அதை எழுதி வைத்தார். இவர்கள் பேருக்குப் பின்னால் நிற்கும் 'கவுண்டர்' ஊர்த்தலைமையைக் குறித்த பதவிப் பேர். மலையில் ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் பஞ்சாயத்துப் பேசியது இந்தப் பதவிகளால்தான். அதே வால் சமவெளியில் ஒட்டியிருந்தால் எந்த ஆபீசிலும் நாற்காலி துடைத்துப் போடுவார்கள். மலையிலிருந்து இறங்கியவருக்கு ஒட்டியிருந்தால், "கவுண்டர்ங்கிறீங்க, அப்புறம் எஸ்.டி. எப்படி?" 1929இல் செங்கல்பட்டு மாநாட்டில் சாதி வாலை வெட்டச் சொன்னார் பெரியார். சமவெளிக்காரர் வாலை வெட்டிவிட்டு வரும்படியை வைத்துக்கொண்டார். மலைக்காரருக்கு வால் மட்டும் மிச்சம்.

பட்டியல் இன்னும் பெரிய வேடிக்கை. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற பேருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்களும் இருக்கின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. நாமக்கல் 1997 வரை சேலத்தோடு இருந்ததால் கொல்லிமலை பிழைத்தது. பர்கூர், கடம்பூர் மலைகளில் இருப்பவர்களும் மலையாளிகள்தான். ஆனால் அந்த மலைகள் பழைய கோயம்புத்தூர் மாவட்டம், இன்றைய ஈரோடு. கோவை பட்டியலில் இல்லை. ஆகவே அங்கே மலை உண்டு, காடு உண்டு, காட்டிலாகாவின் கெடுபிடி உண்டு; பழங்குடி மட்டும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தப்பு அவர்கள்மேல்தான்: பிறப்பதற்கு முன் பழைய ஜில்லா வரைபடத்தை வாங்கிப் பார்த்திருக்க வேண்டாமா?